பட்டு என்ன கலருன்னு யாரும் சொல்லாதீங்க!

தேவாரத்தில் விடிகாலையில் ஊரை எழுப்புவது சேவல் இல்லை, ஜீப். ஐந்து மணிக்கெல்லாம் தெருமுனையில் ஹாரன் கேட்கும். தூக்குச்சட்டியும், மழைக்குப் போர்த்திக்கொள்ள பிளாஸ்டிக் தாளும் எடுத்துக்கொண்டு பெண்கள் வரிசையாக ஏறுவார்கள். போடிமெட்டு வழியாகவோ கம்பமெட்டு வழியாகவோ வண்டி மலையேறி, கேரளத்தின் உடும்பன்சோலைப் பக்கத்து ஏலத்தோட்டங்களில் அவர்களை இறக்கிவிடும். காய் எடுத்து முடித்து மறுபடி ஊர் வந்து சேர இருட்டிவிடும். அதற்குப் பிறகுதான் அடுப்பு.

இப்படி ஜீப்பேறும் வீடுகளில் ஒன்றில், 2013-ம் வருஷம் ஒரு டிவி பிரச்னை வந்தது. மகள் பிளஸ் டூ. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். இருந்தது ஒரே அறை, ஒரே டிவி. அதுவும் அரசாங்கம் கொடுத்த இலவச கலர் டிவி. பகலில் அது மாமியாருக்கு. வீட்டுக்காரருக்கு ராத்திரி செய்தி பார்த்தே ஆக வேண்டும். இரவு ஏழு முதல் ஒன்பது வரை மகள் படிக்கிறாள், யாரும் டிவி போடக்கூடாது என்று சட்டம் போட்டது அந்த அம்மாதான். சட்டத்தால் முழுசாக நஷ்டப்பட்டதும் அவர்தான். அவருக்குப் பிடித்த இரண்டு சீரியல்களும் அந்த நேரத்தில்தான் வந்தன.

"பரவால்லப்பா, ஜீப்புல கதை சொல்லிர்றாளுக. அதக் கேட்டாப் போதும்" என்று மகனிடம் போனில் சொன்னார். 'பரவாயில்லை' என்று அம்மாக்கள் சொல்லும்போது அதற்கு என்ன அர்த்தம் என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். ரெக்கார்டர் உள்ள டிஷ் வாங்குவது என்று அன்றைக்கே மகன் முடிவு செய்துவிட்டான்.

நிகழ்ச்சியைப் பிடித்துவைத்து நமக்குத் தோதான நேரத்தில் பார்ப்பது என்பது தேனிப் பக்கத்துக்குப் புது ஆசை இல்லை. கொடைக்கானல் டவரைப் பார்த்து ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பி தூர்தர்ஷன் பார்த்த காலத்திலேயே, திருவிழாவுக்கு 'டெக்' வாடகைக்கு எடுத்து விடிய விடிய மூன்று படம் பார்த்த ஊர்கள் இவை. அந்த டெக்கில் ஓடிய நாடாவின் இடத்தை ஹார்டு டிஸ்க் பிடித்தது 1999-ல். அமெரிக்காவில் டிவோ என்ற பெட்டி அந்த வருஷம் விற்பனைக்கு வந்தது. இங்கிலாந்தில் 2001-ல் ஸ்கை பிளஸ் வந்தது. நம் நாட்டில் 2008-ல் டாடா ஸ்கை பிளஸ் அதே வசதியோடு அறிமுகமானது. ஓடிக்கொண்டிருக்கும் நிகழ்ச்சியை நிறுத்திவைக்கலாம், பின்னால் ஓட்டலாம், ஒன்றைப் பார்த்துக்கொண்டே இன்னொன்றைப் பதிவு செய்யலாம். மற்ற கம்பெனிகளும் பின்தொடர்ந்தன.

அந்த வீட்டின் முன்னால் இருந்த வழிகள் நான்கு. முதலாவது, இருக்கிற அரசு கேபிளே போதும் என்று விடுவது. மாசம் 70 ரூபாய்தான். ஆனால் அதில் பதிவு வசதி கிடையாது. இரண்டாவது, தூர்தர்ஷனின் இலவச டிஷ். 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்று தொடங்கி இன்று டிடி ஃப்ரீ டிஷ் என்று ஓடுவது. கடையில் கிடைக்கும் சில ஃப்ரீ டிஷ் பெட்டிகளில் பென் டிரைவ் செருகினாலே பதிவாகும், மாசக் கட்டணமும் இல்லை. ஆனால் அந்த அம்மா பார்க்கும் சீரியல் சேனல் அதில் வராது. மூன்றாவது, தனியார் டிஷ்ஷில் யூஎஸ்பி வழியாகப் பதிவு செய்யும் பெட்டி. விலை குறைவு, டிஸ்க்கைத் தனியாக வாங்கிக்கொள்ளலாம். நான்காவது, உள்ளேயே ஹார்டு டிஸ்க்கும் இரண்டு டியூனரும் உள்ள பெட்டி. விலை கூடுதல்.

மகன் நான்காவதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அப்பாவின் செய்தி. டியூனர் என்பது ஒரு நேரத்தில் ஒரு சேனலைப் பிடிக்கிற பாகம். ஒரே டியூனர் உள்ள பெட்டியில் சீரியல் பதிவாகும்போது வேறு சேனல் பார்க்க முடியாமல் போகலாம். வீட்டுக்காரர் ஒரு நாள் பொறுப்பார், இரண்டு நாள் பொறுப்பார். மூன்றாம் நாள் ரிமோட்டை எடுத்து சேனலை மாற்றிவிடுவார், பதிவு பாதியில் நிற்கும். "அப்பா குணம் தெரிஞ்சுதாம்மா ரெண்டு டியூனர்" என்றான் மகன்.

எவ்வளவு பெரிய டிஸ்க் வேண்டும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். சாதாரண சேனல் என்றால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 1 ஜிபி. எச்.டி. சேனல் என்றால் 3, 4 ஜிபி வரை போகும். அரை மணி நேர சீரியல் இரண்டு, வாரம் ஐந்து நாள் என்றால் 5 மணி நேரம். ஆக வாரத்துக்கு 5 ஜிபிதான். 500 ஜிபி பெட்டி அந்த வீட்டுக்குக் கடல். இலவச டிவியில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஊசி செருகும் ஓட்டைகள்தான் உண்டு, எச்.டி.எம்.ஐ. கிடையாது. அதனால் எச்.டி. சேனலுக்குத் தனியாகக் காசு கட்டுவதும் வீண். அந்தப் பணத்தை மகன் வேறொன்றில் போட்டான், ஒரு சின்ன இன்வெர்ட்டர்.

2012, 2013-ல் சென்னைக்கு வெளியே வாழ்ந்தவர்களுக்கு இன்வெர்ட்டர் ஏன் என்று சொல்லத் தேவையில்லை. ஒரு கட்டத்தில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு இருந்த காலம். பதிவு நேரத்தில் டிவி ஓட வேண்டியதில்லை, பெட்டி மட்டும் உயிரோடு இருந்தால் போதும். பெட்டி இழுக்கும் மின்சாரமும் கொஞ்சம்தான். இன்வெர்ட்டரில் ஒரு லைட், ஒரு ஃபேன், இந்தப் பெட்டி. மகள் படிக்கவும் ஆச்சு, சீரியல் பிடிக்கவும் ஆச்சு.

ஆடி மாசத்தில் பெட்டி வந்து இறங்கியது. பொருத்த வந்த தம்பி போடிக்காரர். மொட்டை மாடியில் ஏறியதும் அவர் முதலில் மேற்கே மலையைப் பார்க்கவில்லை, கிழக்கே பக்கத்து வீட்டுத் தென்னையைப் பார்த்தார். மாமியாருக்கு இது ஆச்சரியம். "இம்புட்டு ஒசர மல மறைக்காதாப்பா?" என்று கீழேயிருந்து குரல் கொடுத்தார்.

மறைக்காது. டிவி செயற்கைக்கோள்கள் பூமியின் நடுக்கோட்டுக்கு மேலே ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கின்றன. பூமி சுற்றும் வேகத்திலேயே அவையும் சுற்றுவதால், ஒரே இடத்தில் நிற்பது மாதிரி தெரியும். நம் டிஷ்களுக்கான செயற்கைக்கோள்கள் பெரும்பாலும் 83 டிகிரி முதல் 108 டிகிரி வரையிலான கிழக்குத் தீர்க்கரேகைகளில் நிற்கின்றன. தேவாரம் இருப்பது 77 டிகிரியை ஒட்டி. அதனால் அங்கிருந்து பார்த்தால் அவை தென்கிழக்கிலும் கிழக்கிலும் நல்ல உயரத்தில் இருக்கும். 83 டிகிரியில் நிற்பது கிட்டத்தட்ட உச்சிக்கே பக்கம். டெல்லியில் டிஷ் சாய்ந்து நிற்கும், தெற்கே வர வர வானத்தைப் பார்த்து மல்லாந்து படுக்கும். மேற்கு மலைத்தொடருக்கு அதில் வேலையே இல்லை. தென்னை மட்டை ஒன்று குறுக்கே ஆடினால்தான் வம்பு.

இன்னொரு வம்பு காற்று. ஆடியில் அம்மியும் பறக்கும் என்பது கம்பம் பள்ளத்தாக்கில் வெறும் பழமொழி இல்லை. டிஷ் ஒரு டிகிரி அசைந்தாலே படம் கட்டம் கட்டமாக உடையும். அதனால் செங்கல்லை அடுக்கி அதன் மேல் நிறுத்தாமல், கான்கிரீட் தளத்தில் துளைபோட்டு நான்கு போல்ட்டும் இறுக்கச் சொல்லியிருந்தான் மகன். கம்பம் நேர்குத்தாக நிற்கிறதா என்று குண்டுநூல் பிடித்துப் பார்த்தார்கள். வயர் முனைக்கு டேப் சுற்றி, மழைத் தண்ணீர் வயர் வழியாக உள்ளே இறங்காமல் கீழே சொட்டுகிற மாதிரி ஒரு வளைவு விட்டார்கள்.

அதன் பிறகு வந்தது சின்ன வாக்குவாதம். "ஒரு வயரே போதும்க்கா, படம் நல்லாத்தான தெரியுது" என்றார் தம்பி. படம் தெரியத்தான் செய்யும். ஆனால் டிஷ்ஷின் மூக்கில் இருக்கும் எல்.என்.பி.க்குப் பெட்டியிலிருந்து வயர் வழியாக 13 வோல்ட் போனால் ஒரு வகை அலை இறங்கும், 18 வோல்ட் போனால் இன்னொரு வகை இறங்கும். சேனல்கள் இரண்டிலும் பிரிந்து கிடக்கின்றன. ஒரு டியூனர் 13 கேட்கும்போதே மற்றது 18 கேட்டால், சாதாரண எல்.என்.பி.யில் ஒரே வயரில் இரண்டும் வராது. கேபிளுக்குப் போடுகிற ஸ்ப்ளிட்டரைப் போட்டும் ஏமாற்ற முடியாது. இரண்டு வாய் உள்ள எல்.என்.பி., அதிலிருந்து பெட்டிக்கு இரண்டு தனி வயர், இதுதான் கணக்கு. மகன் போனிலேயே இருந்து இரண்டாவது வயரையும் இழுக்க வைத்தான். தம்பி கிளம்புவதற்கு முன் ஒரு சேனலைப் பதிவில் போட்டு வேறொன்றைப் பார்த்தார்கள். மெயினை அணைத்து, இன்வெர்ட்டரில் பெட்டி நிற்கிறதா என்று பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்த பிறகுதான் காபி.

முதல் வாரத்திலேயே பாடங்கள் தொடங்கின. சீரியல் சொன்ன நேரத்துக்கு ஆரம்பித்து சொன்ன நேரத்துக்கு முடிவதில்லை. கடைசிக் காட்சி, அதாவது கதையே திரும்புகிற காட்சி, பதிவில் இல்லை. முன்னால் இரண்டு நிமிடம், பின்னால் ஐந்து நிமிடம் சேர்த்துப் பதிவு செய்கிற மாதிரி மகள் மாற்றிவைத்தாள். மாமியார் பெட்டி மேல் போட்டிருந்த பூப்போட்ட துணியையும் எடுத்தாள். உள்ளே டிஸ்க் சுற்றிக்கொண்டே இருப்பதால் சூடு வெளியே போக வழி வேண்டும்.

ஐப்பசியில் அடுத்தது. சாயங்கால மழை சரியாக எட்டு மணிக்குப் பிடித்துக்கொண்டால், வானத்திலிருந்து வரும் அலையை மழைத்துளிகளே தின்றுவிடும். டிஷ் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பெருமழையில் படம் போகும். பதிவைத் திறந்தால் கறுப்புத் திரை. அதற்கும் வழி கண்டுபிடித்தாள் மகள். மறுநாள் பகலில் வரும் மறுஒளிபரப்பையும் சேர்த்துப் பதிவில் போட்டாள். மழைக்காலம் முடிகிற வரைக்கும் இரட்டைப் பதிவு.

இப்படியாக அந்த அம்மாவின் சீரியல் ஞாயிற்றுக்கிழமைக்கு மாறியது. ஐந்து நாள் கதையை விளம்பரத்தைத் தள்ளிவிட்டு ஒரே மூச்சில் பார்ப்பார். பக்கத்தில் மாமியார். அவர் அதைப் பகலிலேயே பார்த்திருந்தாலும் பார்க்காத மாதிரியே உட்கார்ந்திருப்பார். ஜீப்பில்தான் தர்மசங்கடம். மற்றவர்கள் நேற்று ராத்திரி கதையைப் பேச ஆரம்பித்தால் இவர் காதைப் பொத்திக்கொள்வார். "சொல்லாதீங்கடி, நான் இன்னும் திங்கக்கெழமயவே தாண்டல!" அந்த வண்டியில் இது நிரந்தரச் சிரிப்பானது.

மகளுக்குப் பரீட்சை முடிந்து சித்திரை வந்தது. மதுரையில் கள்ளழகர் வைகை ஆற்றில் இறங்கும் நாள். சின்ன வயசில் அப்பாவோடு போய் ஆற்றில் நின்று பார்த்தவர் அந்த அம்மா. கல்யாணத்துக்குப் பிறகு வாய்க்கவில்லை. டிவியில் நேரலை உண்டு, ஆனால் அழகர் இறங்குவது விடிகாலை. அந்த நேரத்தில் இவர் ஜீப்பில் இருப்பார். மதுரைக்கு உள்ளூர் விடுமுறை என்றால் கேரளத் தோட்டத்துக்கு என்ன? ஒரு நாள் போகாவிட்டால் ஒரு நாள் கூலி போச்சு.

அவர் கேட்கவே இல்லை. திருப்பூரிலிருந்து மகன்தான் போன் ஆப்பில் பதிவு போட்டான். வீட்டில் இன்டர்நெட் கிடையாது. அவன் போட்ட கட்டளை கம்பெனிக்குப் போய், அங்கிருந்து செயற்கைக்கோளுக்கு ஏறி, தேவாரத்து மொட்டை மாடி டிஷ் வழியாகப் பெட்டிக்குள் இறங்கியது. நிகழ்ச்சி அட்டவணையை நம்பாமல் நாலரை மணி முதல் எட்டு மணி வரை என்று நேரத்தைக் கையால் போட்டிருந்தான். சாமி புறப்பாடு அட்டவணை பார்த்தா நடக்கும்?

அன்று ஜீப்பில் அந்த அம்மா ஏறும்போதே சொல்லிவிட்டார். "பட்டு என்ன கலருன்னு யாரும் சொல்லாதீங்க." அழகர் எந்த நிறப் பட்டு உடுத்தி வருகிறாரோ, அதைவைத்து அந்த வருஷத்து மழை, விளைச்சலைச் சொல்வது வழக்கம். ஊரிலிருந்து ஒவ்வொருவருக்கும் போன் வந்தது. வந்தவர்கள் எல்லாம் தள்ளிப்போய்ப் பேசினார்கள். சாயங்காலம் திரும்பி வருகிற வரைக்கும் ஒருத்தர் வாய் திறக்கவில்லை.

ராத்திரி ஒன்பது மணிக்குக் குளித்துவிட்டு, சர்க்கரை நிரப்பிய செம்பில் சூடம் ஏற்றி டிவி முன்னால் வைத்தார். மாமியாருக்கு இது சரியாகப் படவில்லை. "காலைல எறங்குன சாமிய ராத்திரி கும்பிடுறதாக்கும்?" என்றார். "நான் இப்பத்தான அத்தே பாக்குறேன்" என்றார் மருமகள். அழகர் ஆற்றங்கரைக்கு வந்ததும் மாமியாரும் எழுந்து நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். கூட்டத்தில் மறைத்த இடத்தைப் பின்னால் ஓட்டி மறுபடி பார்த்தார்கள். ஆற்றில் நேரில் நின்றவர்களுக்கும் கிடைக்காத வசதி.

அந்தப் பதிவை அழிக்கக் கூடாது என்று மகள் பூட்டு போட்டு வைத்தாள். இரண்டு வருஷத்தில் மாமியார் காலமாகிவிட்டார். சித்திரை வந்தால் அந்த அம்மா அந்தப் பழைய பதிவைத்தான் போடுவார். புது நேரலையும் பதிவாகியிருக்கும், அதை அப்புறம் பார்ப்பார்.

2017-ல் பெட்டிக்குள் 'டிக் டிக்' என்று சத்தம் வர ஆரம்பித்தது. டிஸ்க் போகும்போது அப்படித்தான் சத்தம் வரும். சில நாளில் பெட்டி நின்றது. ஆள் வந்து வேறு பெட்டி மாற்றிக்கொடுத்துவிட்டு, பழையதைக் கையோடு எடுத்துக்கொண்டு போனார். உள்ளே இருந்ததை எடுத்துத் தர முடியுமா என்று மகள் கேட்டாள். முடியாது. காரணம் அவர் கையில் இல்லை. டிஷ் பெட்டிகளில் பதிவாவது பூட்டிய வடிவத்தில்தான். அதைத் திறக்கும் சாவி அந்தப் பெட்டிக்கும் அதன் கார்டுக்கும் உரியது. டிஸ்க்கைக் கழற்றி கம்ப்யூட்டரில் மாட்டினாலும் படம் வராது. தனியார் டிஷ்ஷில் யூஎஸ்பியில் பதிவு செய்தாலும் பெரும்பாலும் இதே கதைதான்.

"அப்ப அத்தயோட பாத்த அழகரு?" என்று மட்டும் கேட்டார் அம்மா. மகளிடம் பதில் இல்லை. அந்த வருஷத்து நேரலை யூடியூபில் கிடைக்குமா என்று பிறகு தேடினாள். அழகர் கிடைத்தார். அம்மாவும் பார்த்தார், கும்பிட்டார். அதற்குமேல் அதைப் பற்றிப் பேசவில்லை.

இன்று அந்த வீட்டில் பெரிய டிவி இருக்கிறது. மகள் கல்யாணமாகி போடியில் இருக்கிறாள். தவறவிட்ட சீரியலைப் போனிலேயே பார்க்கலாம், பதிவே தேவையில்லை என்று பலரும் சொல்கிறார்கள். நல்ல ஃபைபர் இணைப்பு உள்ள வீட்டுக்கு அது உண்மைதான். ஆனால் ஜீப் மலையேறினால் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கிறவர்களுக்கும், போன் திரையில் எழுத்து தெரியாத கண்களுக்கும், நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்து பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கும் பதிவுப் பெட்டி இன்னும் உதவும்.

மாமியார் வீட்டுக்கு அப்படி ஒரு பெட்டி வாங்கப் போனபோது மகள் கடையில் கேட்ட கேள்விகள் இவை. பதிவாகும்போது வேறு சேனல் பார்க்கலாமா? எல்.என்.பி. எத்தனை வாய், வயர் எத்தனை? எங்கள் சேனல் இதில் வருமா? ஒரு மாசம் ரீசார்ஜ் செய்யாவிட்டால் பழைய பதிவு ஓடுமா? பெட்டி கெட்டால் உள்ளே இருப்பது என்ன ஆகும்? கடைசி இரண்டு கேள்விக்குக் கடைக்காரர் கொஞ்சம் தயங்கித்தான் பதில் சொன்னார். அந்தத் தயக்கமே அவளுக்குப் போதுமான பதிலாக இருந்தது. பெட்டியை வாங்கிக்கொண்டாள். சீரியலுக்கும் செய்திக்கும் அது போதும்.

பத்திரப்படுத்த வேண்டியதற்கு வேறு ஏற்பாடு செய்தாள். போன சித்திரையில் அம்மா வீட்டுக்கு வந்தபோது, டிவியில் அழகர் இறங்க, அம்மா சர்க்கரைச் செம்போடு நிற்பதைப் போனில் வீடியோ எடுத்தாள். அதை ஒரு பென் டிரைவிலும் அண்ணன் போனிலும் ஏற்றிவைத்தாள். படத்தில் டிவித் திரை வெளிறித்தான் தெரிகிறது, பட்டு என்ன நிறம் என்றுகூடப் புரியவில்லை. அம்மா தெளிவாகத் தெரிகிறார்.